சிறு கோடாரியும் பெருமரமும்: கரீபியக் குடியேற்றத் தொடர்களைப் பிரிட்டன் பார்த்த விதம்

‘ஸ்மால் ஆக்ஸ்’ என்பது பிபிசி ஒன் தொலைக்காட்சியில் 2020 நவம்பர் 15 முதல் டிசம்பர் 13 வரை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பான ஐந்து படங்களின் தொகுப்பு. இயக்கியவர் ஸ்டீவ் மெக்வீன். 1960களின் இறுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை லண்டனில் வாழ்ந்த கரீபியக் குடும்பங்களின் வாழ்க்கையையும், அவர்கள் எதிர்கொண்ட நிறவெறியையும் இப்படங்கள் சித்திரிக்கின்றன. பெரிய மரத்தையும் சிறு கோடாரி வெட்டிச் சாய்த்துவிடும் என்று பொருள்படும் ஜமைக்கப் பழமொழியிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது.

இத்தொகுப்புக்குக் கிடைத்த வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. கரீபியப் பின்னணி கொண்ட வீடுகளில் இது தாய் தந்தையர் சொன்ன கதை. சில வீடுகளில் அவர்கள் சொல்லாமல் விட்ட கதை. மற்ற வீடுகள் பலவற்றில் இது புதிய செய்தி. தங்கள் நகரத்தில், தங்கள் காலத்திலேயே நடந்த ஒரு வழக்கைப் பற்றிப் பள்ளியில் ஒரு வரிகூடப் படிக்கவில்லையே என்னும் வியப்பு, முதல் படம் ஒளிபரப்பானதும் பரவலாக வெளிப்பட்டது. ஒரே நாட்டின் ஒரே வரலாறு ஒரு சாராருக்கு நினைவாகவும் மறு சாராருக்குச் செய்தியாகவும் இருந்தது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, குடியேற்றத்தின் வரலாற்றையும் அது திரைக்கு வந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

1948 ஜூன் 21 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரி துறைமுகத்தை அடைந்தது. மறுநாள் பயணிகள் இறங்கினர். பதிவான 1,027 பயணிகளில் 802 பேர் கடைசியாக வாழ்ந்த இடமாகக் கரீபியப் பகுதிகளைக் குறிப்பிட்டிருந்தனர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பணியாற்றிய முன்னாள் படைவீரர்கள் பலர் அவர்களிடையே இருந்தனர். சட்டப்படி அவர்கள் அயல்நாட்டார் அல்லர். பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மருத்துவமனை, பேருந்து, ரயில், தபால், தொழிற்சாலை என எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கிரெனடா, கயானா முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையானோர் வந்தனர். பின்னாளில் இவர்கள் ‘விண்ட்ரஷ் தலைமுறை’ எனப்பட்டனர்.

வேலை கிடைத்த வேகத்தில் வீடு கிடைக்கவில்லை. கறுப்பருக்கு இடமில்லை என்று வாடகை அறிவிப்புகளில் வெளிப்படையாக எழுதுவதற்கு அன்று சட்டத்தடை இல்லை. 1958 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பரைத் தாக்கின. 1959 மே மாதம் அன்டிகுவாவைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளி கெல்சோ காக்ரேன் அதே பகுதியில் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. 1962, 1968, 1971 ஆண்டுகளின் சட்டங்கள் காமன்வெல்த் நாட்டவரின் வருகையைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தின. 1973 ஜனவரி 1க்கு முன்பே குடியேறியிருந்தவர்கள் தங்கும் உரிமையை இழக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்குச் சான்றாக அவர்களுக்கு எந்த ஆவணமும் வழங்கப்படவில்லை. இந்தச் சிறு குறை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பெரும் துயரமாக வளர்ந்தது.

இந்த வரலாற்றுக்குத் தமிழர் ஒருவரும் சாட்சி. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஏ. சிவானந்தன், 1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை அடுத்து கொழும்பிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அவர் வந்திறங்கிய காலத்தில்தான் நாட்டிங் ஹில் கலவரம் வெடித்தது. ஒரு வெறியிலிருந்து தப்பி இன்னொரு வெறிக்குள் வந்த அந்த அனுபவம் அவருடைய சிந்தனையின் திசையைத் தீர்மானித்தது. பின்னர் லண்டனின் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும், ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழின் ஆசிரியராகவும் இருந்து, ஆப்பிரிக்க, கரீபிய, ஆசியக் குடியேறிகளின் போராட்டங்களை ஒரே வரலாறாக எழுதினார். குடியேற்றம் என்பது காலனியாதிக்கத்தின் தொடர்ச்சி, நீங்கள் எங்கள் மண்ணுக்கு வந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. 2018 ஜனவரியில் அவர் காலமானார்.

திரைக்கு வந்த பாதை

கரீபியக் குடியேறிகளைப் பற்றிய நாடகம் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் புதிதன்று. 1956 நவம்பரிலேயே ‘எ மேன் ஃபிரம் த சன்’ என்னும் நாடகத்தைப் பிபிசி ஒளிபரப்பியது. ஜான் எலியட் எழுதிய இந்நாடகம், லண்டனுக்கு வந்த புதியவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் அலைவதைக் காட்டியது.

1965இல் ஜான் ஹாப்கின்ஸ் எழுதிய ‘ஃபேபிள்’ மேலும் துணிச்சலானது. கறுப்பர் ஆட்சி செய்து வெள்ளையர் ஒடுக்கப்படும் ஒரு பிரிட்டனை அது கற்பனை செய்தது. அப்போது லெய்ட்டன் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்கவிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்மெத்விக் தொகுதியில் நிறவெறிப் பிரசாரத்தால் தோற்ற பேட்ரிக் கார்டன் வாக்கர் அங்கே போட்டியிட்டார். நாடகம் வாக்காளர் மனத்தைப் பாதிக்கலாம் என்று அஞ்சி, பிபிசி ஒளிபரப்பை ஒரு வாரம் தள்ளிவைத்தது. பார்வையாளர் இத்தகைய நாடகத்தை எப்படிப் புரிந்துகொள்வார் என்ற கவலை அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று.

அந்தக் கவலை ஆதாரமற்றதும் அன்று. அடுத்த ஆண்டு முழுத் தொடராகத் தொடங்கிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்னும் நகைச்சுவைத் தொடரில் ஆல்ஃப் கார்னெட் என்னும் பாத்திரம் வாய் ஓயாமல் நிறவெறி பேசும். அவனுடைய அறியாமையை ஏளனம் செய்வதே எழுத்தாளர் ஜானி ஸ்பைட்டின் நோக்கம். ஆனால் நம் மனத்தில் இருப்பதை ஒருவன் துணிந்து சொல்கிறான் என்று ரசித்தவர்களும் இருந்தனர். இத்தொடரின் அமெரிக்க வடிவம் ‘ஆல் இன் த ஃபேமிலி’. அதைப் பற்றி நீல் விட்மாரும் மில்ட்டன் ரோக்கீச்சும் நடத்திய ஆய்வு 1974இல் வெளியானது. முற்சாய்வு மிகுந்த பார்வையாளர்கள் நிறவெறி பேசும் பாத்திரத்தின் பக்கமே சாய்ந்தனர் என்று அது கண்டது. ஒவ்வொருவரும் தாம் ஏற்கெனவே நம்புவதையே திரையிலும் காண்கின்றனர் என்னும் அந்த முடிவு, பிற்காலத் தொடர்களின் வரவேற்பை ஆராயவும் உதவுகிறது.

மறுபுறம், வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிப்பாடும் ‘த பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ’ 1958 முதல் 1978 வரை பிபிசியில் ஓடியது. அதை நிறுத்தக் கோரி 1967இல் நிறப்பாகுபாட்டுக்கு எதிரான இயக்கத்தினர் மனு அளித்தும் அது மேலும் பதினோரு ஆண்டுகள் நீடித்தது. அந்நிகழ்ச்சி முடிந்த 1978இல்தான் கயானாவில் பிறந்த மைக்கேல் அபென்செட்ஸ் எழுதிய ‘எம்பயர் ரோடு’ வந்தது. பர்மிங்ஹாமில் வாழும் கரீபிய, ஆசியக் குடும்பங்களை மையமாகக் கொண்ட அத்தொடர் இரண்டு பருவங்களோடு நின்றுபோனது.

‘ஸ்மால் ஐலண்ட்’: ஞாயிறு மாலையின் வரலாற்று நாடகம்

பிரிட்டனில் ஞாயிறு மாலை என்பது வரலாற்று நாடகத்துக்கான நேரம். பழைய நாவல்களைத் தழுவிய தொடர்களைக் குடும்பத்தோடு பார்ப்பது நெடுநாள் வழக்கம். அந்த நேரத்தில் கரீபியக் குடியேற்றக் கதை ஒன்று முழு ஒப்பனையோடு வந்தது 2009 டிசம்பரில். ஆண்ட்ரியா லெவியின் ‘ஸ்மால் ஐலண்ட்’ நாவலைத் தழுவிய இரு பகுதி நாடகம் அது. லெவியின் தந்தை எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர். தாய் சில மாதங்கள் கழித்து வந்தார். 2004இல் வெளியான நாவல் அவ்வாண்டின் ஆரஞ்சு பரிசைப் பெற்றிருந்தது.

கதை 1948இல் நடக்கிறது. ஜமைக்காவில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஹார்ட்டென்ஸ் இங்கிலாந்தை அன்னை நாடாக எண்ணி வருகிறாள். அவளுடைய சான்றிதழ்களை அங்கே யாரும் மதிப்பதில்லை. அவளுடைய கணவன் கில்பர்ட் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவன். சீருடை இருந்தவரை கிடைத்த மரியாதை சீருடையோடு போய்விட்டதை உணர்கிறான். அவர்களுக்கு அறை கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் குவீனி, போரிலிருந்து தாமதமாகத் திரும்பி அவர்களை வெறுக்கும் அவளுடைய கணவன் பெர்னார்ட் ஆகியோரோடு நான்கு பேரின் கதையாக நாடகம் விரிகிறது. நவோமி ஹாரிஸ், டேவிட் ஓயெலோவோ, ரூத் வில்சன், பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஆகியோர் நடித்தனர்.

கதையின் இந்த நான்கு முக அமைப்பு வரவேற்பையும் வடிவமைத்தது. வெள்ளைப் பார்வையாளர் குவீனியின் வாசல் வழியே அந்த வீட்டுக்குள் நுழைய முடிந்தது. கரீபியக் குடும்பத்தினர் ஹார்ட்டென்ஸின் மிடுக்கான ஆங்கிலத்திலும், குளிர்ந்த ஒற்றை அறையைக் கண்டு அவள் அடையும் ஏமாற்றத்திலும் தம் தாய், பாட்டியரை அடையாளம் காண முடிந்தது. அதே அமைப்பு வேறொரு வாசிப்புக்கும் இடம் தந்தது. பழைய உடை, பழைய கார், பழைய வீதி ஆகியவற்றோடு சேர்ந்து நிறவெறியும் பழங்காலப் பொருளாகத் தோன்றலாம். அக்காலம் அப்படி, இப்போது மாறிவிட்டோம் என்ற நிம்மதியோடு பார்வையாளர் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். வரலாற்று நாடகம் என்னும் வடிவத்திலேயே உள்ள இடர் இது.

அந்நாடகம் ஒளிபரப்பாகி ஓராண்டு முடிவதற்குள், 2010 அக்டோபரில், விண்ட்ரஷ் தலைமுறையினர் வந்திறங்கிய நாளைப் பதிவு செய்த வருகை அட்டைகளைப் பிரிட்டிஷ் உள்துறை அழித்தது. அப்போது அது செய்தியாகவில்லை.

2020: கடந்த காலம் நிகழ்காலமாதல்

2012க்குப் பின் ஆவணமற்ற குடியேறிகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு ‘விரோதச் சூழல்’ எனப்பட்ட கொள்கையை நடைமுறைப்படுத்தியது. வேலை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு, மருத்துவம் என எல்லாவற்றுக்கும் குடியுரிமைச் சான்று கேட்கப்பட்டது. சிறு வயதில் பெற்றோரோடு வந்து ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து வரி கட்டியவர்கள் திடீரெனச் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தப்பட்டனர். சிலர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். 2018 ஏப்ரலில் இது பெரும் விவகாரமாக வெடித்தது. பிரதமர் தெரசா மே கரீபியத் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் அளித்த விசாரணை அறிக்கை, இனம் பற்றியும் விண்ட்ரஷ் தலைமுறையின் வரலாறு பற்றியும் உள்துறையில் நிறுவன அளவிலான அறியாமை நிலவியது என்று கூறியது. அலுவலர்களுக்கு நாட்டின் குடியேற்ற, காலனிய வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. வரலாறு தெரியாததால் மனிதர்கள் வீட்டையும் வேலையையும் இழந்தார்கள் என்று ஓர் அரசு அறிக்கையே கூறியதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

அவ்வாண்டு மே 25 அன்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூன் 7 அன்று பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைப் போராட்டக்காரர்கள் சாய்த்தனர். மறுநாள் இரவு பிபிசி ஒன்னில் ‘சிட்டிங் இன் லிம்போ’ ஒளிபரப்பானது. எட்டு வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது சிக்கலுக்குள்ளாகி இருமுறை தடுப்புக்காவலில் அடைக்கப்பட்ட ஆன்டனி பிரையனின் உண்மைக் கதை அது. எழுதியவர் அவருடைய சகோதரர் ஸ்டீபன் எஸ். தாம்சன். படத்தைப் பார்த்தவர்களின் முதன்மையான உணர்வு கோபம். இப்படம் சிறந்த தனி நாடகத்துக்கான பாஃப்டா விருதை 2021இல் பெற்றது. ஐந்து மாதங்கள் கழித்து ‘ஸ்மால் ஆக்ஸ்’ இந்தச் சூழலில்தான் வந்தது.

‘மேங்க்ரோவ்’: நினைவும் செய்தியும்

முதல் படமான ‘மேங்க்ரோவ்’ ஓர் உணவகத்தின் கதை. டிரினிடாடில் பிறந்த ஃபிராங்க் கிரிச்லோ 1968இல் நாட்டிங் ஹில்லின் ஆல் செயின்ட்ஸ் சாலையில் மேங்க்ரோவ் உணவகத்தைத் தொடங்கினார். கரீபியச் சாப்பாடும் பேச்சும் கிடைத்த அந்த இடத்துக்குத் தொழிலாளர்கள், எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள் எல்லாரும் வந்தனர். போதைப்பொருள் இருப்பதாகக் கூறி 1969 ஜனவரி முதல் 1970 ஜூலை வரை காவல்துறை அங்கே 12 முறை சோதனை நடத்தியது. எதுவும் கிடைக்கவில்லை. இதைக் கண்டித்து 1970 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 150 பேர் ஊர்வலம் சென்றனர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமான காவலர்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். மோதல் வெடித்தது. கலவரத்தைத் தூண்டியதாக ஒன்பது பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

1971இல் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 55 நாட்கள் விசாரணை நடந்தது. டார்கஸ் ஹோவும், லண்டனில் உயிர்வேதியியல் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த அல்தியா ஜோன்ஸ்-லெகோயின்ட்டும் வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடினர். சமமானவர்களால் விசாரிக்கப்படும் உரிமை மாக்னா கார்ட்டா சாசனத்திலேயே உண்டு என்று சொல்லி, ஜூரியில் கறுப்பர் மட்டுமே இருக்க வேண்டும் எனக் கோரினர். கோரிக்கை மறுக்கப்பட்டது. எனினும் ஜூரிக்கு வந்த 63 பேரை அவர்கள் நிராகரித்தனர். இறுதியில் கறுப்பர் இருவர் இடம்பெற்றனர். கலவரத்தைத் தூண்டிய குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுவிக்கப்பட்டனர். நால்வருக்கு மட்டும் சிறு குற்றங்களுக்காக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. இரு தரப்பிலும் இனவெறுப்பு இருந்ததற்குச் சான்று உண்டு என்று நீதிபதி எட்வர்ட் கிளார்க் கூறினார். லண்டன் காவல்துறையில் இனவெறுப்பு இருப்பதை ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டது அதுவே முதல்முறை. அக்கூற்றைத் திரும்பப் பெறவைக்கக் காவல்துறைத் தரப்பு முயன்றும் பலிக்கவில்லை.

இத்தனை முக்கியமான வழக்கு ஆர்வலர்கள், ஆய்வாளர்கள் வட்டத்துக்கு வெளியே பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரைப் பற்றிப் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தம் நகரத்து அல்தியா ஜோன்ஸ்-லெகோயின்ட்டைப் பற்றிப் படிப்பதில்லை. நிறவெறி என்பது அமெரிக்காவின் சிக்கல் என்ற எண்ணம் வலுப்பட இதுவும் காரணம். படத்துக்கு வந்த எதிர்வினைகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது இந்த முரண்தான். ஷான் பார்க்ஸ், லெட்டீஷியா ரைட், மலாக்கை கெர்பி ஆகியோரின் நடிப்பு பெரிதும் பாராட்டப்பட்டது. ஹோவாக நடித்த கெர்பிக்குத் துணை நடிகருக்கான பாஃப்டா தொலைக்காட்சி விருது கிடைத்தது.

தீர்ப்போடு படம் முடிகிறது. கிரிச்லோவின் இன்னல் முடியவில்லை. 1980களின் இறுதியில் அவர் மீண்டும் போதைப்பொருள் வழக்கில் சிக்கவைக்கப்பட்டு விடுதலையானார். 1992இல் லண்டன் காவல்துறை அவருக்கு 50,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. 2010இல் அவர் காலமானார்.

‘லவ்வர்ஸ் ராக்’: துயரம் இல்லாத வரலாறு

இரண்டாம் படம் நவம்பர் 22 அன்று வந்தது. 1980ஐ ஒட்டிய ஓர் இரவில், ஒரு வீட்டில் நடக்கும் நடன விருந்துதான் கதை. கரீபிய இளைஞர்கள் பல இரவு விடுதிகளில் அனுமதிக்கப்படாத காலத்தில், வீட்டுக் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, நுழைவுக்கு ஒரு தொகை வாங்கி நடத்தப்பட்டவை ‘ப்ளூஸ் பார்ட்டி’கள். சமையலறையில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். கூடத்தில் ரெக்கே இசை முழங்கும். மெக்வீனின் அத்தை ஒருவர் இப்படிப்பட்ட விருந்துகளுக்கு வீட்டுக்குத் தெரியாமல் போய்வந்த கதையே படத்துக்கு வித்து.

ஜேனட் கே பாடி 1979இல் பிரிட்டிஷ் இசைப்பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த ‘சில்லி கேம்ஸ்’ பாடல் இப்படத்தின் உயிர்நாடி. இசை நின்ற பின்பும் கூடத்தில் உள்ளவர்கள் தாளமின்றித் தாமே பாடிக்கொண்டிருக்கும் நீண்ட காட்சி மிகுதியாகப் பேசப்பட்டது. அப்பாடலை உருவாக்கிய டென்னிஸ் போவெல்லும் அக்கூட்டத்தில் ஒருவராகத் தோன்றுகிறார். அந்நேரத்தில் இங்கிலாந்தில் கொரோனா காரணமாக இரண்டாம் ஊரடங்கு நடப்பில் இருந்தது. தோளோடு தோள் உரச மனிதர்கள் ஆடும் காட்சி, வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு இன்னொரு பொருளையும் தந்தது.

இப்படத்தின் வரவேற்பில்தான் தலைமுறை வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் இளைஞராக இருந்தவர்கள் சுவரொட்டிக் காகிதம், உடைத் தையல், நடன அசைவு என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர். வழக்கமான கதைத் திருப்பங்களை எதிர்பார்த்தவர்களுக்கு இதில் கதையே இல்லையே என்ற குறை இருந்தது. விமர்சகர்கள் இதைக் கொண்டாடினர். ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் வாக்கெடுப்பு இதை 2020இன் சிறந்த படமாகத் தேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் திரை விமர்சகர் சங்கம் ‘ஸ்மால் ஆக்ஸ்’ தொகுப்பு முழுவதையும் ஆண்டின் சிறந்த படமாக அறிவித்தது. இது சினிமாவா, தொலைக்காட்சியா என்ற விவாதமும் அதனால் எழுந்தது.

கரீபியர் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவருவோர் அடியையும் அவமானத்தையும் மட்டுமே காட்டுகிறார்கள் என்பது கறுப்பினப் பார்வையாளரின் நெடுநாள் முறையீடு. அதற்கு இப்படம் ஒரு விடை. ஒடுக்கப்பட்டவர்களின் மகிழ்ச்சியும் வரலாறுதான் என்பதை வாதம் ஏதுமின்றி அது நிறுவியது.

‘எஜுகேஷன்’: வெளிவந்த சாட்சியங்கள்

மூன்றாம் படமான ‘ரெட், ஒயிட் அண்ட் ப்ளூ’, தன் தந்தையைக் காவலர்கள் அடித்த பின்பும் உள்ளிருந்தே மாற்றம் கொண்டுவர எண்ணி 1983இல் லண்டன் காவல்துறையில் சேர்ந்த லீராய் லோகனின் கதை. லோகனாக நடித்த ஜான் போயேகாவுக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. நான்காம் படம் 1981 பிரிக்ஸ்டன் கிளர்ச்சியில் சிறை சென்று பின்னர் எழுத்தாளரான அலெக்ஸ் வீட்டிலின் இளமைக் காலம்.

ஐந்தாம் படமான ‘எஜுகேஷன்’ நீளத்தில் சிறியது, விளைவில் பெரியது. 1970களில் கரீபியப் பிள்ளைகளை, வாசிப்பில் சற்றுப் பின்தங்கினாலும், கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள் என்று முத்திரையிட்டுத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினர். வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பத்துச் சொற்களையும் பொருள்களையும் அடிப்படையாகக் கொண்ட அறிவுத்திறன் தேர்வுகள் இதற்குக் கருவியாயின. கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் இதை அம்பலப்படுத்தி 1971இல் எழுதிய சிறு நூலை நியூ பீக்கன் புக்ஸ் வெளியிட்டது. பெற்றோர் ஒன்றுதிரண்டனர். வார இறுதிகளில் தாமே துணைப் பள்ளிகள் நடத்தினர். பள்ளியில் பின்தங்கியவன் என ஒதுக்கப்பட்ட அனுபவம் மெக்வீனுக்கும் உண்டு. படத்தில் வரும் சிறுவன் கிங்ஸ்லியின் கதையில் அதன் சாயல் இருக்கிறது.

2021 மே மாதம் இதே விஷயத்தைப் பற்றிய ஆவணப்படம் பிபிசியில் வந்தது. அப்பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள், இப்போது முதியோர், அதில் தம் முகத்தோடு பேசினர். பல பத்தாண்டுகள் வெட்கத்தால் மறைத்துவைத்த செய்தியை அவர்கள் சொன்னார்கள். தம்மிடம் குறை இல்லை, தம்மை அளந்த கோலில்தான் குறை என்பது ஊரறியச் சொல்லப்பட்டது. ஒரு நாடகத்துக்குக் கிடைக்கக்கூடிய எதிர்வினைகளில் இதைவிடக் கனமானது வேறில்லை.

மாற்றுக் கருத்துகள்

பாராட்டோடு கேள்விகளும் எழுந்தன. ஐந்து படங்களும் லண்டனையே சுற்றுகின்றன. பர்மிங்ஹாம், பிரிஸ்டல், லீட்ஸ், லிவர்பூல் நகரங்களின் கரீபியர் எங்கே என்பது ஒரு கேள்வி. கறுப்பினக் காவலர் ஒருவரை நாயகராக்குவது காவல்துறையின் மீதான விமர்சனத்தை மென்மையாக்காதா என்பது இன்னொன்று. வெள்ளையர் எல்லாரையும் கொடியவர்களாகக் காட்டுகிறார்கள் என்று குறைப்பட்டவர்களும் உண்டு. ஆனால் ‘மேங்க்ரோவ்’ படத்திலேயே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வெள்ளைக்கார வழக்கறிஞர் இயன் மெக்டொனால்ட் இடம்பெறுகிறார்.

இந்த விவாதங்களின் அடியில் இருந்தது ஒரே கேள்வி: இது முடிந்துபோன காலமா, தொடரும் காலமா? 2021 மார்ச்சில் டோனி சூவெல் தலைமையிலான அரசு ஆணையம், சிறுபான்மையினருக்கு எதிராகத் திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட அமைப்பாகப் பிரிட்டன் இன்று இல்லை என்று அறிக்கை தந்து கடும் சர்ச்சைக்குள்ளானது. தொடரின் பார்வையாளர்களிடையே இருந்த பிளவு அரசியலிலும் அப்படியே இருந்தது. திரையில் ஒவ்வொருவரும் தம் நம்பிக்கையையே காண்கிறார்கள் என்ற 1974ஆம் ஆண்டின் முடிவு முற்றிலும் காலாவதியாகிவிடவில்லை.

தாக்கம்

2020 கோடையில், பிரிட்டனின் காலனிய வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்கக் கோரிய நாடாளுமன்ற மனுவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இங்கிலாந்து அதை ஏற்கவில்லை. வேல்ஸ் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் கறுப்பின, ஆசிய, சிறுபான்மையினர் வரலாற்றைக் கட்டாயமாக்கியது. தொலைக்காட்சியும் தொடர்ந்தது. 1981இல் 13 இளைஞர்களைப் பலிகொண்ட நியூ கிராஸ் தீ விபத்தைப் பற்றிய ஆவணத் தொடரை மெக்வீன் 2021இல் ஜேம்ஸ் ரோகனுடன் சேர்ந்து தந்தார். 2023 அக்டோபரில் ஐடிவி தொலைக்காட்சி ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ தொடரை ஒளிபரப்பியது. 1957இல் ஜமைக்காவிலிருந்து வரும் மூன்று பெண்களின் கதை அது. நகைச்சுவைக் கலைஞர் லென்னி ஹென்றி, தன் தாய் சொன்ன கதைகளை அடிப்படையாகக் கொண்டு அதை எழுதினார்.

அரசின் நினைவாற்றல் மட்டும் மெதுவாகவே திரும்பியது. வெண்டி வில்லியம்ஸ் அறிக்கையின் பரிந்துரைகளில் மூன்றை உள்துறை 2023 ஜனவரியில் கைவிட்டது. அதே அறிக்கையைத் தொடர்ந்து விண்ட்ரஷ் விவகாரத்தின் வேர்களைப் பற்றி வரலாற்றாய்வாளர் ஒருவரைக் கொண்டு உள்துறை எழுதவைத்த ஆய்வு நெடுநாள் வெளியிடப்படாமல் இருந்தது. தீர்ப்பாய உத்தரவுக்குப் பின்னரே 2024 செப்டம்பரில் அது வெளிவந்தது. 1950 முதல் 1981 வரை இயற்றப்பட்ட குடியேற்ற, குடியுரிமைச் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும், வெள்ளையரல்லாதார் நாட்டில் வாழ்வதைக் குறைக்கும் நோக்கம் ஓரளவேனும் இருந்தது என்று அந்த ஆய்வு கூறுகிறது.

வருகை அட்டைகள் அழிந்துபோயின. பாடநூலில் பக்கம் இல்லை. அரசே எழுதவைத்த வரலாறு அலமாரியில் கிடந்தது. இந்நிலையில் அந்தத் தலைமுறையின் நினைவைப் பொதுச்சொத்தாக்கும் பணி நாவலுக்கும் நாடகத்துக்கும் வந்து சேர்ந்தது. ஸ்மால் ஆக்ஸ் படங்களைத் தன் தாயும் பார்க்கும்படி எல்லா வீடுகளுக்கும் எட்டும் பிபிசியில் ஒளிபரப்ப வேண்டும் என்று மெக்வீன் விரும்பியதன் பொருள் இதுதான். அத்தொகுப்பைப் பார்த்துவிட்டு, இது ஏன் எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று கேட்டவர்களும், எங்கள் கதை ஒருவழியாகச் சொல்லப்பட்டது என்று மகிழ்ந்தவர்களும் ஒரே வெற்றிடத்தின் இரு கரைகளில் நின்றவர்கள்.